பிள்ளை எதுவரை வந்திருக்கிறது? தொடக்கப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் சேதி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் கடமைகளை 24ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. நேரத்துக்கு வர வேண்டும், பாடத்தை முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தவை முதலில் வருகின்றன. அதே பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கும் ஒன்றை நம்மில் பலர் கவனித்ததில்லை. ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்திக்க வேண்டும். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்வது ஆசிரியர் மனம் வைத்துச் செய்யும் உபகாரம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அதைக் கடமையாக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இந்த மூன்றில் வருகையைப் பள்ளிகள் நன்றாகவே சொல்கின்றன. பிள்ளை ரெண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வந்துவிடுகிறது. முன்னேற்றத்தை மதிப்பெண்ணாக்கி அனுப்பிவிடுகின்றன. நடுவில் நிற்கும் 'கற்கும் திறன்'தான் போய்ச் சேருவதில்லை. பிள்ளைக்கு இன்றைக்கு எது வருகிறது, எது வரவில்லை, எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது வகுப்பறைச் சுவரைத் தாண்டுவதே அபூர்வம். என் கவலை முழுக்க அதைப் பற்றித்தான்.

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னதற்கு 35 என்று விடை எழுதியிருக்கிறது. 61இலிருந்து 28 போனால் 47. 53இலிருந்து 36 போனால் 23. மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மற்ற ஏழு கணக்கும் சரி. ஆகவே பத்துக்கு ஏழு. பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கும் ஏழுதான். ஆனால் அவன் அவசரத்தில் எண்களை மாற்றி எழுதியவன். முதல் பிள்ளையின் மூன்று தப்பும் உண்மையில் ஒரே தப்பு. மேலே 2, கீழே 7 என்று வந்தவுடன் எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது. பக்கத்தில் கடன் வாங்குவது என்று பள்ளியில் சொல்வோமே, அது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வீட்டில் நாலு பத்து ரூபாய்க் காசும் ரெண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, பதினேழு ரூபாய் எடுத்துத் தரச் சொன்னால் போதும். ஒரு பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றாமல் காரியம் நடக்காது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைச் செய்ய முடியும். ஆனால் பாட்டிக்குக் கிடைத்தது 'கணக்கு: 7/10' என்ற ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "இன்னும் நல்லாப் படி கண்ணு" என்பார். அதற்கு மேல் அந்த வரியில் அவருக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் குறையைக் களையும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. அதனுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தது. வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. எண்ணுக்குப் பதில் ஏ1, ஏ2 என்று தரநிலை. ஒரே ஒரு பரீட்சையின் ஆதிக்கத்தைக் குறைத்த நல்ல மாற்றம்தான் அது. வீட்டில் என்ன நடந்தது? அட்டையைப் பார்த்த அப்பா, "இது சரி, கிளாஸ்ல எத்தனாவது ரேங்க்?" என்று கேட்டார். தரநிலையும் தீர்ப்பாகவே வந்ததால், தனக்குப் பழகிய தீர்ப்பாக அதை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏ2 என்ற எழுத்து, பழைய மதிப்பெண்ணைவிட அவருக்கு எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு ஆசிரியரின் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்த பிள்ளைகளிடம் குறிப்பின் பலன் தென்படவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிட்டது. பிள்ளைகளிடம் கண்டது பெற்றோருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். முன்னேற்ற அட்டையின் கடைசியில் 'ஆசிரியர் குறிப்பு' என்று விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'நன்று', 'முயற்சி தேவை' என்பதைத் தாண்டி எழுத இடமும் கிடையாது, எழுதினாலும் படிப்பாரும் கிடையாது.

பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் நிலை தெரியுமா என்பது அடுத்த கேள்வி. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறது. ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த பிள்ளைகள் 2018இல் 50.5 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022இல் 42.8 ஆனது, 2024இல் 48.8க்கு ஏறியது. பாதிக்குப் பாதிப் பிள்ளைகள் மூன்று வகுப்பு பின்தங்கியிருக்கும்போது, அந்த வீடுகளில் அதற்கேற்ற பதற்றம் இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகிறது, நோட்டில் அழகாக எழுதியிருக்கிறது, பாட்டு ஒப்பிக்கிறது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதும் வாசிப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மலாவியில் ரெபெக்கா டைசன்-ராஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்விலும் பெற்றோரின் கணிப்பு உண்மை நிலையிலிருந்து விலகியிருந்தது; ஏழைகளிடமும் குறைவாகப் படித்தவர்களிடமும் அந்த விலகல் கூடுதல். சரியான விவரத்தைப் புரியும்படி சொன்னதும், பிள்ளையின் நிலைக்குத் தகுந்த பயிற்சிப் புத்தகத்தைப் பெற்றோரே தேர்ந்தெடுத்தார்கள். ஏழைப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு இது போதுமான பதில்.

அப்படியானால் விவரத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு தெளிவான சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடந்த ஆய்வு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், பிரதமின் ருக்மிணி பானர்ஜி முதலியோருடன் சேர்ந்து 2010இல் அதை வெளியிட்டார்கள். பள்ளியைக் கண்காணிக்க அங்கே கிராமக் கல்விக் குழு ஒன்று சட்டப்படி இருந்தது. அப்படி ஒரு குழு இருப்பதே பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தெரியாது. ஒரு பகுதி கிராமங்களில் கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். இன்னொரு பகுதியில் அதோடு, பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று ஊர்க்காரர்களே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, ஊரின் நிலையை ஊர்க் கூட்டத்திலேயே பேச வைத்தார்கள். மூன்றாவது பகுதியில் இவை எல்லாவற்றுடனும் உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்பு முகாம் நடத்தப் பயிற்சி தந்தார்கள்.

முதல் இரண்டிலும் ஒன்றும் மாறவில்லை. பெற்றோர் பள்ளிக்குப் போய்க் கேட்கவில்லை, ஆசிரியர் வேலை செய்யும் விதமும் பிள்ளைகளின் கற்றலும் அப்படியே இருந்தன. மூன்றாவதில் முகாமுக்கு வந்த பிள்ளைகள் கண்கூடாக முன்னேறினார்கள். வந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிறு பகுதிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வந்தவர்களுக்கு வாசிப்பு வந்தது. ஊர் முழுக்கக் கூடி, "நம்ம பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியலை" என்று கண்ணால் கண்ட பிறகும் மக்கள் சும்மா இருந்தது அக்கறையின்மையால் என்று நான் நம்பவில்லை. அந்தச் சேதி அவர்கள் கையில் எந்த வேலையையும் கொடுக்கவில்லை. வாத்தியாரிடம் போய்ச் சண்டை போடலாம்; கூலிக்காரருக்கு அது எளிதா? வேறு பள்ளியில் சேர்க்கலாம், காசு எங்கே? மூன்றாவது பகுதியில் மட்டும்தான், செய்வதற்கு ஒரு வேலையும் அதைச் செய்யும் முறையும் கிடைத்தன.

வேறு பள்ளிக்கு மாற்றும் வழி திறந்திருந்த இடத்தில் விளைவும் வேறாக இருந்தது. பாகிஸ்தானின் பஞ்சாபில் 112 கிராமங்களில் அந்த்ராபி, தாஸ், குவாஜா மூவரும் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அந்தக் கிராமங்களில் அரசுப் பள்ளிகளோடு பல தனியார் பள்ளிகளும் இருந்தன. ஊரின் எல்லாப் பள்ளிகளின் நிலையையும் தன் பிள்ளையின் நிலையையும் ஒரே அட்டையில் கண்டதும், பள்ளிகள் தங்களைத் திருத்திக்கொண்டன. கற்றல் கூடியது, தனியார் கட்டணம் 17 சதவீதம் குறைந்தது. நம்மூரில் இதை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். பள்ளிகளைப் போட்டியில் இறக்கினால் ஈராசிரியர் பள்ளிகள்தான் முதலில் அடிபடும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, லண்டனின் ஹேரிங்கே வட்டாரத்தில் ஜாக் டிசார்டும் அவருடன் இருந்தவர்களும் எழுபதுகளில் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு. உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. பல தாய்மாருக்கு ஆங்கிலம் பேச வராது, சிலருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. பள்ளி செய்தது இவ்வளவுதான்: பிள்ளை வாசிக்க வேண்டிய புத்தகத்தைத் தவறாமல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டது, பெற்றோரை உட்கார்ந்து கேட்கச் சொன்னது. வேறு சில பள்ளிகளில் இதற்குப் பதிலாக வாசிப்புக்கென்றே தேர்ந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கூடுதல் ஆசிரியரால் அந்த அளவு பலன் கிட்டவில்லை. தாய்க்கு ஆங்கிலம் தெரியாதது தடையாகவும் இல்லை.

நம்மைப் போன்ற இடத்துக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. பெற்றோருக்குச் சேதி போய்ச் சேர்ந்தது தாள் வழியாக இல்லை, பிள்ளையின் வாய் வழியாக. நேற்று தட்டுத் தடுமாறிய பக்கத்தை இன்று பிள்ளை சரளமாக வாசிப்பதைக் கேட்டால் முன்னேற்றம் என்னவென்று தாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாய் கேட்டுக்கொண்டிருப்பதே பிள்ளைக்குப் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய ஒன்று அண்மையில் நடந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும், மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், பெரும்பாலும் அந்தத் தெருவையே சேர்ந்த பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலைப் பிள்ளைகள் எப்படி மீட்டார்கள் என்று சிங், ரொமேரோ, முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு ஈடாகியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இந்தத் திட்டம் காரணம் என்று கணித்தார்கள். கூடுதல் நேரம் கிடைத்ததுதான் முதல் காரணம், சந்தேகமில்லை. இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். தண்ணீர் பிடிக்கப் போகிற அம்மா, தன் பெண் எழுத்துக்கூட்டுவதைக் காதால் கேட்டாள். சொல்லிக்கொடுத்த தன்னார்வலரை "என்னடி, எப்படிப் படிக்கிறா?" என்று உரிமையோடு கேட்க அவளால் முடிந்தது. பள்ளி வாசலில் அந்தக் கேள்வி அவளுக்கு வாயில் வருவதில்லை.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கேற்றபடி பயிற்சி தரச் சொன்னார்கள். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி நான்கு, ஐந்துக்கும் பிறகு வந்தது. வகுப்பின் சராசரியை விட்டுவிட்டுத் தனித்தனிப் பிள்ளையைப் பார்க்கும் இந்த நோக்கை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். மதிப்பீடுகளைச் செயலியில் ஏற்றுவது பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டதிலும் நியாயம் இருக்கிறது. என் மனக்குறை வேறு. இவ்வளவு பாடுபட்டுத் திரட்டும் விவரம் மேல்நோக்கித்தான் போகிறது. வட்டாரத்துக்குத் தெரியும், மாவட்டத்துக்குத் தெரியும், சென்னைக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரிவது தற்செயல். தெரிந்தாலும் "உங்க பிள்ளை மொட்டு" என்றால் அவள் என்ன புரிந்துகொள்வாள்? இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறான், மூன்றெழுத்தில் திணறுகிறான் என்றால் புரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவை இதற்கு வழியாகச் சொல்வோர் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுவதும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்ட பிறகு கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் விஷயங்களில் பல ஊர்களில் அவை உயிரோடு இயங்குகின்றன. அது அவற்றின் வேலை. ஒரு பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை ஊர்க் கூட்டத்தில் பேசவே கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மதிப்பெண் பட்டியலைப் போடுவதும் அதே தவறுதான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ரேங்க் அறிவிப்பையே தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. சிங்கப்பூர் 2019இல் தொடக்கநிலை முதல் இரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் தேர்வையே எடுத்துவிட்டு, அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பு நிலையைக் குறிப்பதையும் கைவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் எண்ணை முப்பது வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் உரிமை கிடையாது. தனியார் பள்ளிகளில் பெற்றோருக்கு வரும் செய்திகளுக்குக் கணக்கே இல்லை. கட்டண நினைவூட்டல், சீருடை, வீட்டுப்பாடம் என்று செயலி நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். அவற்றிலும் பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது அநேகமாக இருக்காது. பணம் கட்டாததால் முன்னேற்ற அட்டையை நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கும் இடங்களைப் பற்றிச் சொல்ல, அது அநியாயம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசும்போது ஒரு தயக்கத்தைச் சொல்வார்கள்: உண்மையைச் சொன்னால் வீட்டில் பிள்ளைக்கு அடி விழும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவருக்குப் பள்ளியிலிருந்து வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தால், சண்டை போட்டான், நோட்டு கொண்டுவரவில்லை என்ற புகார்களாகவே இருக்கும். கூப்பிட்டாலே குற்றம் என்று பழகியவருக்குக் குறையைச் சொன்னால் கைதான் முதலில் நீளும். ஆகவே முதல் சேதி நல்ல சேதியாக இருக்க வேண்டும், அதுவும் உண்மையானதாக. இரண்டாவது, குறையைச் சொல்லும்போதே அதற்கு வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்துக்கு இடம் இல்லாதபடி கையில் வேலை இருக்க வேண்டும்.

போனில் பதிந்து அனுப்பும் குரல் செய்தி இதற்குத் தோதான கருவி. படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட்டு இரவு வந்தும் கேட்கலாம். அது இப்படி இருந்தால் போதும்: "தர்ஷினி அம்மா, வணக்கம்மா. தர்ஷினி இப்ப சின்னச் சின்ன வார்த்தை எல்லாம் தானா வாசிக்கிறா. கொம்பும் காலும் சேர்ந்து வர்ற இடத்துல மட்டும் குழம்புறா, கொடியையும் கோடியையும் ஒரே மாதிரி சொல்றா. கார்டுல பத்து வார்த்தை எழுதிக் குடுத்திருக்கேன். ராத்திரி சாப்பிட்டதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தப்பாச் சொன்னா திட்ட வேண்டாம், இன்னொரு தடவை பாருன்னு சொன்னாப் போதும். வெள்ளிக்கிழமை நான் கேக்குறேன்." முக்கால் நிமிடம் ஆகாது. சிலியில் குறைந்த வருமானப் பகுதிப் பள்ளிகளில், வருகையையும் மதிப்பெண்ணையும் வாராவாரம் குறுஞ்செய்தியாக அனுப்பியதற்கே வருகையும் கணக்கு மதிப்பெண்ணும் கூடின. பிள்ளையின் பெயர் சொல்லி, அதற்கென்றே ஆசிரியர் பேசுவது அதைவிட எத்தனையோ மேல்.

நேரம் எங்கே என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். பருவத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்குப் பதினைந்து மணி நேரம்; வேலை நாள் கணக்கில் மூன்று நாள். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இதையும் அவர் தலையில் கட்டுவது கொடுமை. ஆகவே அந்த மூன்று நாளையும் அரசு நாட்காட்டியிலேயே ஒதுக்க வேண்டும். அன்று பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ செயலியில் பதிவேற்றவோ ஆசிரியரை இழுக்கக் கூடாது. சந்திப்பில் ஒரு மணி நேரமாவது மாலை ஆறுக்கு மேல் வேண்டும். பகல் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வது நியாயமில்லை. பிள்ளையும் கூட உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்து, ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசும் முழுமையான முன்னேற்ற அட்டையும் இத்தகைய சந்திப்போடு சேர்ந்து வர வேண்டும் என்றுதான் அந்தக் கொள்கையே சொல்கிறது. அட்டை வந்து சந்திப்பு வராமல் போனால், நிரப்ப வேண்டிய கட்டங்கள் இன்னும் நாலு கூடியதுதான் மிச்சம்.

இதிலும் எட்டாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். தாய்க்கு ஆசிரியரின் குரல் செய்தி புரியாது. பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்னால் தன் குறையைத் தானே சொல்லும் நிலைக்கு ஏழு வயதுப் பிள்ளையைத் தள்ளுகிறோம். ஹேரிங்கேயில் மொழி தெரியாத தாய் கேட்டதற்கே பலன் இருந்தது என்பதால், இங்கும் பிள்ளை வாசிக்க, தாய் கேட்கலாம். ஆனால் ஏன் கேட்க வேண்டும், எவ்வளவு நேரம், தப்பு வந்தால் என்ன சொல்வது என்று அவளுடைய மொழியில் ஒருமுறையாவது யாராவது சொல்ல வேண்டும். ஐந்தாறு வாக்கியங்கள், மூன்று மொழியில் பதிவு செய்த குரலாக இருந்தால் எந்த ஆசிரியரும் அனுப்பிவிடுவார். அதைத் தயாரித்துத் தரும் வசதி மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்திடம் இருக்கிறது. வரும் கல்வியாண்டு தொடங்கும் ஜூனுக்கு முன்னால் செய்துவிடக்கூடிய வேலை இது.